மூன்றாவது கதிரை

பிரிட்ஜைத் திறக்கக் கையுறை போடுகிறேன்.
பால்பெட்டி, கத்தரிக்காய், கதவின் பிடி
எல்லாம் ஊசி.
மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து
குளிர் என்னைக் கடிக்கிறது,
அதுவும் இந்த ஊரில்,
எமெ ஆறு பனியைக் கரைத்துக்கொண்டு வரும் புர்க்டோர்ஃபில்.

இடுப்பில் ஒரு பை.
பைக்குள் போத்தல், போத்தலுக்குள் பலூன்.
நாற்பத்தாறு மணித்தியாலம்
அது தன்னைத் தானே சுருக்கிச் சுருக்கி
என் நெஞ்சுக்குள் ஊற்றும்.
பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெடியன்
கமெராப் பை என்று நினைத்திருப்பான்.

பதினேழு வருஷம் நான்
ஆஸ்பத்திரிகளில் மூன்றாவது கதிரையில் இருந்தவள்.
முதலாவது டொக்டருக்கு. இரண்டாவது வருத்தக்காரருக்கு.
மூன்றாவது கொஞ்சம் பின்னுக்கு,
குரலுக்கு மட்டும் போட்ட கதிரை.
கூட்டாதே. குறைக்காதே. அழாதே.
முதல் இரண்டும் சட்டம்,
மூன்றாவது நானே எனக்குப் போட்டது.

கணையம் என்று சொல்வேன்.
"அது எங்கை பிள்ளை இருக்கு?" என்பார்கள்.
ஈரல் தெரியும், குண்டிக்காய் தெரியும்,
இதயத்துக்குப் பாட்டே இருக்கிறது.
கணையத்தை ஆரும் கொஞ்சியதில்லை, திட்டியதுமில்லை.
இரைப்பைக்குப் பின்னால், முதுகோடு ஒட்டினமாதிரி,
இஞ்சை,
என்று தொட்டுக் காட்டுவேன்
என் உடம்பில்.
எத்தனை பேருக்குக் காட்டினேனோ.

செப்டெம்பரில் டொக்டர் ஸ்டுக்கி
பழக்கத்தில் மூன்று கதிரை போட்டிருந்தார்.
நான் இரண்டாவதில் இருந்தேன்.
மூன்றாவதில் குகதாசன்,
ஜாக்கெட் சிப்பைக் கழுத்துவரை இழுத்தபடி.
பாண் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம்.
மாவோடை கதைக்க டொச்சு தேவையில்லை என்பார்.

டொக்டர் சொன்னார், நான் சொன்னேன்:
கணையத்தில் தொடங்கி ஈரலில் ஐந்து இடம்.
வெட்ட ஏலாது.
இரண்டு கிழமைக்கு ஒருக்கா மருந்து ஏத்தலாம்.
மருந்து கேட்டால் நல்லது.
பிறகு அவர் ஒரு எண்ணும் ஒரு சொல்லும் சொன்னார்.
நான் தமிழில்
"பாப்பம் எண்டு சொல்லுறார்" என்றேன்.

பதினேழு வருஷத்தில் முதல் களவு.
டொக்டர் என் வசனத்தின் நீளத்தைக் கவனித்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் குளிசை,
கணையம் செய்ய மறந்த வேலையை அது செய்கிறது.
கரண்டி இரும்பாய்க் கைக்கிறது, மரக்கரண்டிக்கு மாறிவிட்டேன்.
லவுசானிலிருந்து ஒருத்தி சீத்தா இலை அனுப்பினாள்.
"எத்தினை பேருக்கு உதவினனீங்கள், உங்களுக்கு ஒண்டும் வராது"
என்கிறாள் இன்னொருத்தி,
கடனைத் திருப்பித் தரும் வங்கி எங்கோ இருப்பதுபோல.
இரத்தத்தில் ஒரு எண் பார்க்கிறார்கள்.
மூவாயிரத்து நானூறு. பிறகு இரண்டாயிரத்து நூறு.
அன்றைக்குப் பிட்டு அவித்தோம்.
வாந்தியாகவும் இல்லை.

ரெகுலா படிவத்தை நிரப்பினாள்:
மொழிபெயர்ப்பாளர் தேவையா?
எத்தனை வார்டில் எத்தனை பேருக்காக
என்னைக் கூப்பிட்டவள் அவள்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவள் இல்லை என்று எழுதினாள்,
பிறகு ஏதோ எடுக்கப் போவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

நேற்றிரவு குசினியில்
விறைத்த விரல்களோடு நின்றேன்.
குகதாசன் எனக்குத் தண்ணி சுடவைத்துக்கொண்டு
திரும்பாமலே சொன்னார்:
"மோனாட் எண்டா மாதம்.
ஒவ்வொரு சம்பளத் துண்டிலையும்
முதல் கிடக்கிற சொல் அதுதானே."

கேத்தல் கொதித்து, தானாக நின்றது.
எண்ணை அவரும் சொல்லவில்லை.
"ஏன் அப்பவே சொல்லேல்லை?"
"இவ்வளவு கஷ்டப்பட்டு மொழிபெயர்த்தனி.
அதுதான்."

இன்றைக்குச் சனி. பலூன் வற்றிக்கொண்டு வருகிறது.
ஒரு மணிக்குத் தாதி வந்து கழற்றுவாள்.
வேலைக்கு லீவு சொல்லிவிட்டு
இவர் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடக்கிறார்,
பொக்கற்றுக்குள் ஒரு தோடம்பழம்.
சூடு ஏறட்டுமாம்.
பிறகு உரிக்கலாமாம்.